ஒரே துண்டில் இரண்டு எண்கள்

அன்புள்ள அக்காமாரே, தங்கச்சிமாரே, ராத்தாமாரே,

தலைமன்னார் பியர் தொடக்கம் பேசாலை, தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பள்ளிமுனை என்று தீவு நெடுகிலும், பாலம் தாண்டி வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று கரை நெடுகிலும் மாதர் சங்கங்களில் கூடுகிற உங்கள் எல்லாருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. பேசாலையில் பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என் உடம்பில் நடந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருசம் பிடித்தது. உங்களுக்கு அந்த ஒரு வருசம் வீணாகக் கூடாது.

ஆறு வருசத்துக்கு முன், எனக்கு 43 வயதில், உடம்பு ஓயத் தொடங்கியது. கரும்பலகைக்கு முன் நின்று எழுதினால் கை சோரும். தலைமயிர் சீப்போடு கொத்தாக வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயது போகுது, வேலை கூட என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் முழு உடம்புக்கும் என்று சேர்த்துச் செய்கிற பரிசோதனையைச் செய்தேன். துண்டு வந்தது. அதை வாசித்தவர் ஒரேயொரு எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார்: ஏவன்சி 6.2. மூன்று மாதச் சீனி என்று நாங்கள் சொல்கிற அந்த ரெஸ்ற். "சீனி தொடங்கப் போகுது ரீச்சர். சோத்தைக் குறையுங்கோ" என்றார். அதே துண்டில், ஏழெட்டு வரி மேலே, ஈமோகுளோபின் 9.1 என்று இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் பார்த்திருக்க வேண்டும்.

பயம் பொல்லாதது. அம்மாவின் தாய்க்குச் சலரோகத்தால் கால் விரல் எடுத்தது என் கண்ணுக்கு முன்னால் நின்றது. சோற்றை விட்டேன். காலைப் புட்டை விட்டேன். மீன் கறி சோற்றோடுதான் இறங்கும் என்பதால் மீனும் குறைந்துபோனது. இரண்டு கிறீம் கிறக்கர், சீனி போடாத பிளேன்ரீ, மத்தியானம் கொஞ்சம் பருப்பு, பிறகும் பிளேன்ரீ. நாலு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. ஊரில் எல்லாரும் "நல்லா மெலிஞ்சிட்டீங்கள்" என்றார்கள். ஒரு நாள் எட்டாம் வகுப்பில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக் கீழே விழுந்தேன்.

அப்போது கிளினிக்கில் என்னைப் பார்த்த ஓர் இளம் வைத்தியர் பழைய துண்டைக் கேட்டு வாங்கினார். இரண்டு எண்களிலும் இரண்டு விரலை வைத்தார். பிறகு, அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "அம்மா, மாதவிடாய் எத்தனை நாள் போகுது?" பத்து நாள் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருசமாக. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெண்ணென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வெறும் வயிற்றில் குருதியில் சீனி பார்த்தார்கள்: 91. குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு: 118. இரண்டும் சரியான அளவுகள். குருதிப்போக்கு நிற்க மருந்து, கூடவே இரும்பு மாத்திரை. அரை வருசத்துக்குப் பிறகு ஈமோகுளோபின் 12.6. ஏவன்சி 5.5. சோறு, புட்டு, மீன் எல்லாம் திரும்பச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இந்த 5.5. என் சீனி இறங்கவில்லை. அது ஏறியிருக்கவே இல்லை. ஏறியிருந்தது என் செங்குழியங்களின் வயது.

இதை விளங்கப்படுத்த எங்கள் கரையையே காட்டுகிறேன். ஒரு வள்ளத்தைக் கடலில் விட்டால் அடியில் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும். ஒரு மாதம் கிடந்த வள்ளத்தில் கொஞ்சம், நாலு மாதம் கிடந்ததில் நிறைய. கடலில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அறிய வேண்டுமென்றால், கரைக்கு இழுத்த வள்ளங்களின் அடியைச் சுரண்டி நிறுத்துப் பார்க்கலாம். ஏவன்சி ரெஸ்ற் செய்வது இதைத்தான். செங்குழியம் ஒவ்வொன்றும் ஒரு வள்ளம். அதற்குள் இருக்கிற ஈமோகுளோபினில், குருதியில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மெல்ல மெல்ல ஒட்டுகிறது. எந்த நொதியமும் இதைச் செய்வதில்லை, தானாக ஒட்டுகிறது. ஒட்டினது பிறகு கழலாது. நூறு ஈமோகுளோபினில் எத்தனையில் அப்படி ஒட்டியிருக்கிறது என்பதே அந்த விகிதம். 6.2 என்றால் நூற்றுக்கு ஆறு சொச்சம்.

செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் உயிரோடு ஓடும். பிறகு மண்ணீரலும் ஈரலும் அதை உடைத்து இரும்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் என்பு மச்சை ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 இலட்சம் புதுச் செங்குழியங்களை இறக்கும். வயதான வள்ளமும் புது வள்ளமும் கலந்து ஓடுவதால் சராசரி ஒட்டல் ஒரு நிதானத்தில் நிற்கிறது. அதனால்தான் கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சீனியை அது சொல்கிறது. அதிலும் பாதி கடைசி ஒரு மாதத்தைத்தான்.

இரும்பு இல்லாவிட்டால் புது வள்ளம் கட்டப் பலகை இல்லை. இறங்குகிற புது வள்ளம் குறைந்துபோகும். கடலில் கிடப்பவற்றில் பழையவை கூடும். சுரண்டிப் பார்த்தால் ஒட்டல் நிறைய இருக்கும். கடல் மாறவில்லை. வள்ளங்கள் கிழடாகிவிட்டன. இரும்பு குறைந்த குருதியில் ஒட்டும் வேகமே கொஞ்சம் கூடுகிறது என்றும் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் எண் மேலே போவது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பி12 விற்றமினும் ஃபோலேற்றும் குறைந்தாலும் இப்படி ஏறலாம்.

இந்த ரெஸ்ற் பிறந்த கதையே ஈமோகுளோபினில்தான் தொடங்குகிறது. 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பார் என்ற ஈரானிய யூத வைத்தியர், பரம்பரையாக வரும் கோளாறான ஈமோகுளோபின்களைத் தேடி, நோயாளிகளின் குருதியை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதிரிகளில் வழமைக்கு மாறாக ஒரு பட்டை வேகமாக ஓடியது. அந்த மாதிரிகளின் சொந்தக்காரர்களைத் தேடிப் போனால், எல்லாரும் நீரிழிவுக்காரர். அதற்குப் பத்து வருசத்துக்கு முன்பே, 1958இல், அந்தப் பகுதியை வேதியியலாளர் பிரித்து வைத்திருந்தார்கள். நோயோடு அதை முடிச்சுப் போட்டவர் ரஹ்பார். 1976இல் அது சீனிக் கட்டுப்பாட்டை அளக்கும் கருவியானது. 2011இல், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று சொல்ல இதைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனை வைத்தது: அளவைக் குழப்பக்கூடிய நிலை எதுவும் அந்த ஆளின் உடம்பில் இருக்கக் கூடாது. 6.5 என்ற எண் எங்கள் கரை வரை வந்து சேர்ந்துவிட்டது. நிபந்தனை வந்து சேரவில்லை.

என் கதை ஒருத்தியின் கதை என்று நீங்கள் நினைக்கக்கூடும். இந்தியாவில் பூனே நகரத்துக் கே.ஈ.எம். வைத்தியசாலையில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு 116 இளையோரைப் பரிசோதித்து 2012இல் எழுதியதைப் பாருங்கள். குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்தக் குழு பின்தொடர்ந்து வந்த பிள்ளைகள், இருபது வயதைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் மெலிந்தவர்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்தபோது, நீரிழிவுக்கு முந்தின நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.8. அதே ஆட்களின் ஏவன்சியைப் பார்த்தபோது நூற்றுக்கு 23.3. மூன்று மடங்கு. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலானவர்களுக்கு இரும்புக் குறைவு. ஐந்தில் இரண்டு பேருக்குப் பி12 குறைவு. சுகமாக நடமாடும் பிள்ளைகள், தங்கள் குருதி மெலிந்திருப்பதே தெரியாதவர்கள், ஓர் எண்ணால் நோயின் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். வாசித்தபோது அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. நாலு மாதம் பட்டினி கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

எவ்வளவு ஏறும் என்பது குறைவின் கடுமையைப் பொறுத்தது. நீரிழிவு இல்லாத, இரும்புக் குறைவுச் சோகையுள்ள 50 பேரைப் பற்றித் துருக்கியில் 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது: சராசரி 7.4 ஆக இருந்தது, இரும்பு கொடுத்த பிறகு 6.2 ஆக இறங்கியது. இவ்வளவு பெரிய சரிவு எல்லா ஆய்விலும் இல்லை. அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வில் 1999 முதல் 2006 வரை சேர்த்த விவரங்களைப் பார்த்தவர்கள், இரும்பு குறைந்த பெண்களின் எண் 5.5ஐத் தாண்டும் வாய்ப்புக் கூடுகிறது, ஆனால் 6.5ஐத் தாண்டும் வாய்ப்பு அப்படிக் கூடவில்லை என்று கண்டார்கள். ஆகவே ஓரளவு குறைவுள்ள ஒருத்திக்கு எண் கொஞ்சம்தான் ஏறலாம். அது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நீரிழிவுக்கு முந்தின நிலை என்கிற 5.7க்கும் 6.4க்கும் இடையில் நிற்கிற பெண்ணின் தலையெழுத்தை அந்தச் சின்ன ஏற்றம்தான் எழுதுகிறது.

என் பழைய துண்டில் 'சராசரி குளுக்கோஸ் 131' என்று இன்னொரு வரியும் இருந்தது. அதுவும் என்னைப் பயப்படுத்தியது. அதை எவரும் என் குருதியில் அளக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். ஏவன்சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் வருவது அது. 2008இல் வெளிவந்த ஒரு சூத்திரம். மேலே உள்ள எண் பிழை என்றால் கீழே உள்ளதும் அதே பிழைதான். இரண்டு வரி இருப்பதால் இரண்டு சாட்சி என்று எடுக்காதீர்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. வள்ளங்கள் காலத்துக்கு முன்பே உடைந்து, புது வள்ளங்கள் திகைய இறங்கிக்கொண்டே இருந்தால், எந்த வள்ளத்திலும் ஒட்டல் சேர நேரம் இராது. சீனி உண்மையில் கூடிக் கிடக்கும். ஏவன்சி அழகாகக் குறைந்து நிற்கும். அண்மையில் குருதி ஏற்றியவர்கள், நிறையக் குருதி இழந்து தேறி வருபவர்கள், செங்குழியம் சீக்கிரம் உடையும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். இரும்பு மாத்திரை தொடங்கிய முதல் சில கிழமைகளிலும் புதுக் குழியங்கள் கூட்டமாக வருவதால் எண் தாழலாம். அதனால்தான் என் வைத்தியர் குருதி நிமிர்ந்து மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருந்துதான் திரும்பப் பார்த்தார்.

பரம்பரை என்றவுடன் எங்களுக்கு இல்லை என்று ஒதுக்காதீர்கள். மன்னார் ஒரு காலத்தில் மலேரியா மண். காய்ச்சலில் உதறிக்கொண்டு கிடந்ததை எங்கள் ஆச்சிமார் கதை கதையாகச் சொல்வார்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இங்கே சொல்ல வந்தது இது: மலேரியா தலைமுறை தலைமுறையாக இருந்த இடங்களில், அதைத் தாக்குப்பிடிக்க உதவிய செங்குழிய மாற்றங்கள் மனிதரில் தங்கிவிடும். 1949இல் ஹால்டேன் என்ற பிரித்தானிய மரபியலாளர் இதை முன்வைத்தார். தலசீமியா என்ற பரம்பரைக் குருதிக் கோளாற்றின் காவிகள், ஈமோகுளோபின் ஈ உள்ளவர்கள், ஜி6பிடி நொதியம் குறைந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமே இயங்குகிறது. காவியாக இருப்பவர் சுகமாகத்தான் இருப்பார். ஈமோகுளோபின் 10, 11 என்று நிற்கும்; இரும்பு கொடுத்தாலும் ஏறாது. சில இயந்திரங்களில் அவருடைய ஏவன்சி தவறாக விழும். 2017இல் வெளிவந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, ஆபிரிக்க வம்சத்து அமெரிக்கரில் ஜி6பிடி மாற்றம் ஒன்று இந்த எண்ணைக் கணிசமாகத் தாழ்த்துகிறது என்று காட்டியது. அவர்களில் பலருக்கு நீரிழிவு கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கலாம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்கிறோமே, இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது மரம் மட்டும் என்று எப்படிச் சொல்வது? எங்கள் குருதியிலும் பல கரைகள் இருக்கும்.

ஆதலால் ஈமோகுளோபின் குறைவு என்றவுடன் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம். ஏன் குறைவு என்று முதலில் அறிய வேண்டும். இரும்பு உடம்பில் மிதமிஞ்சிச் சேர்ந்தால் அது சதையியையே கெடுக்கும். இன்சுலின் சுரக்கும் இடம் அது. தலசீமியாப் பிள்ளைகளுக்கு அடிக்கடி குருதி ஏற்றி இரும்பு சேர்ந்து, அதனாலேயே நீரிழிவு வருவதுண்டு. சுகமானவர்களிலும் இரும்புச் சேமிப்பு மிகவும் கூடியவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஈமோகுளோபின் 16, 17 என்று வந்தால் "நல்ல இரத்தம்" என்று மகிழ்கிறோம். புகைத்தல், நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல், வயிற்றுக் கொழுப்பு எல்லாம் அந்த எண்ணை உயர்த்தும். அதே கொழுப்பும் நித்திரைக் கோளாறும் இன்சுலினுக்கு உடம்பு பணியாமல் போவதோடும் சேர்ந்தே நடக்கும். அப்படியானவரை ஒருக்கால் சீனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "அப்ப எனக்குச் சீனி இல்லை, எல்லாம் இரத்தக் குறைவுதான்" என்று எவரும் மருந்தை நிறுத்தினால் இந்த மடலை எழுதியதே பாவமாகிவிடும். சலரோகம் எங்கள் நாட்டில் மெய்யாகவே பரவியிருக்கிறது. 2005, 2006இல் நாடளாவிய நீரிழிவு ஆய்வு செய்தபோது வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது. அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு ஏழு மாகாணங்களில் மட்டும் எடுத்தார்கள். அதற்குப் பிந்தின கணக்குகள் இன்னும் கூடுதலாகத்தான் காட்டுகின்றன. அந்த முதல் ஆய்விலேயே, நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே வட்டமிட்ட எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்குத் துணைச் சாட்சி தேடுங்கள்.

துணைச் சாட்சி வெறும் வயிற்றுச் சீனியும், தேவையென்றால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பதும். வெறும் வயிற்றில் 126, குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 200, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு. திரும்ப ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். இவை அந்த நேரத்துக் குருதிச் சீனியையே நேராக அளப்பதால் செங்குழியத்தின் வயது இவற்றைத் தொடாது. ஏவன்சியும் இவையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஈமோகுளோபினில் கோளாறு உள்ளவருக்கு இவற்றைத்தான் நம்ப வேண்டும் என்று நீரிழிவு வழிகாட்டிகள் தெளிவாகச் சொல்கின்றன. கர்ப்பிணித் தாய்மாருக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பதும் இதனால்தான். கர்ப்பத்தில் குருதி மாறுகிற வேகத்தில் ஏவன்சி நிலைகொள்ளாது. குமட்டுது என்று அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வராதீர்கள் தங்கச்சிமாரே.

வெறும் வயிறு என்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விடியச் சாமம் வள்ளம் வரும். வாடியில் மீன் வெட்டி உப்புப் போட வேண்டும், கருவாடு காயப் போட வேண்டும். நாலு மணிக்கு ஒரு பிளேன்ரீ குடிக்காமல் கை ஓடாது. பிறகு தலைமன்னாரிலிருந்து 30 கிலோமீற்றருக்குக் கிட்ட பஸ்ஸில் மன்னார் வைத்தியசாலைக்குப் போய் வரிசையில் நிற்கும்போது பத்து மணி. அந்த பிளேன்ரீயில் மூன்று கரண்டி சீனி. சாப்பிட்டாலும் பார்க்கலாம் என்பதால்தான் ஏவன்சி எங்களுக்கு வசதியாகப் போனது. அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலையில் தண்ணீர் மட்டும் குடித்து, வாடிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வருசத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும். நோன்பு காலத்தில் ராத்தாமாரும், தவக்காலத்தில் நாங்களும் வயிற்றைக் காயப் போட்டுப் பழகியவர்கள்தானே. இந்த ஒரு காலையும் முடியும்.

வீட்டில் விரல் குத்திப் பார்க்கிற குளுக்கோமீற்றரையும் ஈமோகுளோபின் விட்டுவைப்பதில்லை. குருதி மெலிந்தவர்களில் பல கருவிகள் உண்மைச் சீனியை விடக் கூட்டிக் காட்டும். 130 காட்டினால் உண்மையில் 115 ஆக இருக்கலாம். பயப்படுவதற்கு முன் ஆய்வுகூடத்தில் நாளக் குருதி எடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு சொல். மெற்போமின் வருசக்கணக்காக எடுத்தால் பி12 குறையலாம். அதிலிருந்து குருதிச்சோகை வரலாம். சீனி சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் குருதி உண்டாக்கச் சொல்லும் ஓமோனே குறைந்து ஈமோகுளோபின் விழும். அப்போது செங்குழியங்களின் ஆயுளும் குறைவதால் ஏவன்சி இறங்கி, "கட்டுப்பாடு நல்லாயிருக்கு" என்று ஏமாற்றும். ஏவன்சி காரணம் இல்லாமல் நல்லாகிவிட்டால், அந்த மகிழ்ச்சிக்கு முன் ஈமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கர்ப்பிணி இல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் கீழ், ஆணுக்கு 13க்குக் கீழ் என்றால் குருதிச்சோகை. உலகத்தில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருத்தி அந்தக் கோட்டுக்குக் கீழ்தான். எங்கள் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கடல் எங்கள் வாசலில் இருக்கிறது, இரும்பு எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். நல்ல மீன் பேசாலைத் துறையில் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. வீட்டுக்கு மிஞ்சுகிற சூடையிலும் நெத்தலியிலும் பெரிய துண்டு அவருக்கு, நடுத்துண்டு பிள்ளைகளுக்கு, சட்டியில் மிஞ்சிய குழம்பு எங்களுக்கு. சாப்பிட்டுக் கை கழுவின உடனே பிளேன்ரீ. தேயிலைச் சாயம் இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துவிடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளிப்பு இரும்பை ஏற்றும். மட்டியும் ஈரலும் கிடைக்கும் நாளில் நீங்களும் சாப்பிடுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், வயிற்றைக் கட்டும். அதற்குப் பயந்து அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் சொல்வார். மாத்திரையைக் கல்சியத்தோடும் பாலோடும் தேத்தண்ணியோடும் சேர்க்காமல் எடுங்கள். மாதவிடாய்ப் போக்குக் கூட என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் மூன்று வருசம் வெட்கப்பட்டேன்.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். கடன் கொப்பியும் சேமிப்புக் கொப்பியும் வைத்திருக்கிறோம். அதோடு ஒரு கொப்பி கூட வையுங்கள். எண்களை ஊருக்குக் காட்ட வேண்டாம். ஆளுக்கொரு பக்கம், அவளே எழுதி அவளே பூட்டி வைக்கட்டும். ஒரு நிரலில் ஈமோகுளோபின், பக்கத்து நிரலில் ஏவன்சி, அதற்குப் பக்கத்தில் வெறும் வயிற்றுச் சீனி, மேலே திகதி. 35 வயது தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்கோ வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கோ தனியே போகாமல் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போங்கள். ஒருத்தி மறந்த கேள்வியை மற்றவள் கேட்பாள். ஏவன்சி எழுதும்போது "ஈமோகுளோபினும் சேர்த்துப் பார்ப்பீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றிய வைத்தியர் அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டவர்.

பழைய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். தலையணைக்குக் கீழேயோ, திருச்செபமாலைப் பெட்டியிலோ, குர்ஆன் வைத்திருக்கும் தட்டிலோ எங்காவது மடித்து வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில் இருப்பேன். கொண்டு வாருங்கள், இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம்; வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன்.

அன்போடு,
பேசாலையிலிருந்து உங்கள் விஞ்ஞான ரீச்சர்